முதல் நாற்பது விநாடிகள்

போன் மணி அடித்தாலே எனக்கு எரிச்சல் வரும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் போன் எடுப்பதுதான் என் வேலை. அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், ஒற்றை அறை அலுவலகம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற சின்ன அமைப்பு எங்களுடையது. ஒரு சிஸ்டர், ஒரு டிரைவர், ஒரு பழைய ஜீப், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் டாக்டர், எல்லாவற்றையும் மேலே இருந்து பார்த்துக்கொள்ளும் ஒரு பொறுப்பாளர், பிறகு நான். சிஸ்டரும் டிரைவரும் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று நாள் முழுக்கச் சுற்றுவார்கள். நான் அறையில் உட்கார்ந்து, எந்த வீட்டில் என்ன நிலைமை என்று போனில் கேட்டு நோட்டில் எழுதி, சிஸ்டருக்குச் சொல்ல வேண்டும்.

கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் பக்கத்தில் போனைப் போட்டவுடன் யாரும் விஷயத்துக்கு வரமாட்டார்கள். "நல்லாருக்கீகளாக்கா? சாப்ட்டீகளா? என்ன கொழம்பு? அங்க மழ எதுவும் உண்டா? இங்க கருக்கலா வந்துச்சு, கலைஞ்சு போச்சு." இதெல்லாம் முடிந்த பிறகுதான் அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை என்பது வரும். பாலவனத்தத்தில் இருந்து ஒருவர், தன் அம்மாவின் புண்ணுக்குக் கட்டுத்துணி தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால், என் முட்டுவலி, என் மகனின் பரீட்சை, எங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று மூன்றையும் விசாரித்துவிட்டார். "விஷயத்தச் சொல்லுங்கண்ணே" என்று நான் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "என்னக்கா, கோவமா?" என்றார். அவரைச் சமாதானப்படுத்த இன்னும் இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் நான்கு மிஸ்டு கால்.

சிஸ்டரின் பாடு வேறு. ஜீப்பில் போகும்போது சிக்னல் விட்டுவிட்டு வரும். நான் போன் செய்தால் பாதி கேட்காது. எழுத்தாக அனுப்பினால் எப்போது சிக்னல் கிடைக்கிறதோ அப்போது வந்து விழுந்துவிடும். "டைப் பண்ணிப் போடுங்கக்கா" என்பார். ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் டைப் அடிப்பது என்றால் எனக்கு இருப்பது இரண்டு கைதான்.

அப்போதுதான் மதுரையில் நடந்த ஒரு கூட்டத்தில் வேறொரு அமைப்பைச் சேர்ந்த இளம்பெண் திரையில் ஒன்றைக் காட்டினாள். சின்னச் சின்னப் பெட்டிகள், அவற்றுக்கு நடுவே கோடுகள். "கோடிங் ஒரு வரிகூடத் தெரிய வேண்டாம் மேடம். இந்தப் பெட்டியில இருந்து அந்தப் பெட்டிக்குக் கோடு இழுத்தாப் போதும், வேலை தானா நடக்கும்" என்றாள். நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அழைப்பிதழ் டைப் செய்தவள். எனக்கு இது வராதா என்ன என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் வீடியோ பார்த்தேன். அந்த மூன்று ஞாயிறும் எங்கள் வீட்டில் தக்காளிச் சாதம்தான்.

செய்து முடித்தது இதுதான். நோயாளிகளின் வீட்டார் கூப்பிட ஒரு தனி எண். கூப்பிட்டால் முதலில் என் குரல் பேசும். பிறகு ஒரு பீப் சத்தம். அதன்பின் அவர்கள் பேசுவது பதிவாகி, இணையத்தில் எங்களுக்கென்று இருக்கும் ஒரு ஃபோல்டரில் போய் உட்காரும். ஃபோல்டரில் புதிதாக ஒரு பதிவு வந்தவுடன் அடுத்த பெட்டி அதை எடுத்துக் குரலை எழுத்தாக மாற்றும். அதற்கடுத்த பெட்டி அந்த எழுத்தை எங்கள் குழுவின் குரூப்பில் கொண்டுபோய்ப் போடும், கூப்பிட்ட எண்ணை வைத்து யார் வீடு, எந்த ஊர், எத்தனை மணி என்ற விவரத்துடன். நான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். பட்டன் போன் வைத்திருப்பவர்கள்கூடப் பேசலாம். அதை நினைத்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

முன்னால் பேசும் குரலுக்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க ஏழு தடவை பதிவு செய்தேன். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு செய்கிறவளைப் போலத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம். பீப் ஒலிக்குப் பின் உங்கள் செய்தியைச் சொல்லுங்கள். எங்கள் குழுவினர் உடனே கவனிப்பார்கள்" என்று சொன்னேன். ஏழாவது எனக்கே பிடித்திருந்தது.

முதலில் வீட்டாருக்கு இது பிடிக்கவில்லை. "ஏங்க்கா, இனிமே நீங்க பேச மாட்டீகளா, பொட்டிதான் பேசுமா?" என்று என் சொந்த எண்ணுக்கே போன் போட்டுக் கேட்டார்கள். பத்து நாளில் பழகிவிட்டார்கள். பழகினார்கள் என்றால், பெட்டியை நானாகவே ஆக்கிக்கொண்டார்கள். நல்லாருக்கீகளா என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்கு இரண்டு விநாடி இடம் விடுவார்கள். அப்புறம் சாப்ட்டீகளா, மறுபடி ஓர் இடைவெளி. சிஸ்டரும் நானும் அதைக் கேட்டுச் சிரிப்போம். குரூப்பில் விழும் எழுத்தும் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஊர்ப் பேச்சை அந்தக் கருவி பாதி புத்தகத் தமிழாக்கிவிடும், வாக்கியம் முடிந்ததோ இல்லையோ தானாகவே ஒரு முற்றுப்புள்ளியும் வைத்துவிடும். ஆனால் விஷயம் புரியும். என் நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

மாதத்தின் பன்னிரண்டாம் நாள் குரூப் சத்தமில்லாமல் இருந்தது. காலை முழுக்க ஒன்றும் வரவில்லை. இன்று எல்லாரும் சுகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், எழுத்தாக மாற்றும் கருவி இலவசமாகத் தரும் நிமிடங்கள் அந்த மாதத்துக்குத் தீர்ந்திருந்தன. ஃபோல்டரில் பதினான்கு பதிவுகள் யாரும் தொடாமல் கிடந்தன. பொறுப்பாளரிடம் கேட்டேன். "இருக்கிறத வச்சுச் சமாளிங்கம்மா. நல்லாத்தானே பண்ணியிருக்கீங்க" என்றார்.

சமாளித்தேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பெட்டியைச் செருகினேன். பதிவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் முதல் நாற்பது விநாடியை மட்டும் வெட்டி அடுத்த பெட்டிக்கு அனுப்பு என்று அதற்குக் கட்டளை. ஏன் நாற்பது? நானும் சிஸ்டரும் டிரைவரும் ஆளுக்கு நாலு செய்தி பேசிச் சோதித்துப் பார்த்தோம். ஒன்றுகூட முப்பதைத் தாண்டவில்லை. அதற்கு மேல் பத்தைச் சேர்த்துக்கொண்டேன், தாராளமாக இருக்கட்டும் என்று. மீதிப் பகுதி எங்கும் போய்விடாது, ஃபோல்டரில்தான் இருக்கும். தினமும் சாயங்காலம் கிளம்பும் முன் நீளமானவற்றை முழுசாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் வாரம் கேட்டேன். இரண்டாவது வாரம் மூன்று நாள் கேட்டேன். அதற்கப்புறம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

சுருக்கமாகப் பேசச் சொல்லுங்கள் என்று சிஸ்டரிடம் சொல்லியிருந்தேன். அவரும் வீடு வீடாகச் சொன்னார். எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். நாற்பது விநாடியோடு அறுத்துவிடுவோம் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பதறிப் போவார்கள், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி ரோட்டில் இருந்து உள்ளே போகும் ஓர் ஊரில் ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் மதுரையில் கட்டட வேலைக்குப் போனபோது சாரம் சரிந்து விழுந்தவர். தண்டுவடத்தில் அடி. மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. இரண்டு வருடமாகக் கட்டில்தான். சிறுநீருக்குக் குழாயும் பையும். அவருடைய மனைவிக்கு முப்பதுகூட இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள், புண்ணைக் கழுவுவாள், பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் குறித்து வைப்பாள். சிஸ்டர் எங்கே போனாலும் அவளைத்தான் உதாரணம் காட்டுவார். வீட்டில் கூடவே இருந்தது கணவரின் அம்மா. அந்த அம்மாள் பகலில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விடுவார்.

சிஸ்டர் அவளுக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தார். தண்டுவடத்தில் அவ்வளவு மேலே அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால், வலி தெரியாது. ஆனால் ரத்த அழுத்தம் கடகடவென்று ஏறிவிடும். முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும், மண்டை பிளக்கிற மாதிரித் தலைவலி வரும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும். குழாயை மாற்றிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குக் கொஞ்சம் மேலே குரூப்பில் அவள் வீட்டுப் பெயரோடு ஒரு செய்தி விழுந்தது. இப்போதும் எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம்.

"அக்கா நல்லா இருக்கீகளா. சாப்பிட்டீகளா. நேத்து சிஸ்டர் வந்துட்டுப் போனதுல இருந்து புண்ணு கொஞ்சம் வத்தி இருக்கு. ராத்திரி அவுக நல்லாத் தூங்குனாக. இங்க ஒரு தூத்தல் போட்டுச்சு. அங்க மழை பெஞ்சுச்சா. அத்தை ஆடு ஓட்டிட்டுப் போயிருக்காக."

அவ்வளவுதான். கடைசியில் முற்றுப்புள்ளி இருந்தது.

சிஸ்டர் ஜீப்பில் இருந்தபடியே கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டார். நான் கை கூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். புண் வற்றியிருப்பது உண்மையிலேயே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம் டாக்டருக்கு மாதாந்திர அறிக்கை தயார் செய்ய உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். சிஸ்டர் போன் செய்தார். அவர் சாதாரணமாகப் போன் செய்ய மாட்டார். "அக்கா, அவர ஆம்புலன்ஸ்ல கொண்டு போறாங்களாம். நெனவு இல்லையாம். மூணு மணிக்கு மேல அந்தம்மா ஆடு பத்திட்டு வந்து பாத்துத்தான் சத்தம் போட்டு ஆள் கூட்டியிருக்காக. பையில காலைல இருந்து சொட்டு இறங்கலையாம். ஏங்க்கா, அவ நமக்குச் சொல்லவே இல்லையா?"

"சொல்லலையே. புண்ணு வத்தியிருக்குன்னுல்ல போட்டிருந்தா" என்றேன். என் வாய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை ஃபோல்டரைத் திறந்துவிட்டது. அவள் பதிவின் நீளம் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி என்று இருந்தது.

அழுத்திக் கேட்டேன். நலம் விசாரித்தாள், இடம் விட்டாள். சாப்பிட்டீகளா, இடம் விட்டாள். புண், தூக்கம், தூற்றல், மழை, ஆடு. நாற்பதாவது விநாடி தாண்டியது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அதே அமைதியான குரலில், "அக்கா, ஒண்ணும் பதறாதீங்க. காலையில இருந்து பையில ஒண்ணுமே எறங்கலக்கா. மொகமெல்லாம் செவந்திருக்கு. தல வலிக்குது வலிக்குதுங்கிறாக. சிஸ்டர் சொன்ன மாதிரி நிமித்தி ஒக்கார வச்சிருக்கேன். கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்கக்கா" என்றாள். அங்கேயே நிறுத்திவிட்டு, கதவைக்கூடப் பூட்டாமல் படியிறங்கி ஓடினேன்.

ஓடி என்ன? ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றேன், அவ்வளவுதான். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் காலை போய்விட்டார்.

நான் வெளியூர்க்காரி இல்லை. அருப்புக்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள்தான், ஆனால் இந்த வழக்கத்துக்குப் பாஷை கிடையாது. என் அப்பா இறந்த அன்று அண்ணன் எனக்குப் போன் செய்தபோது, முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டான், பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டானா என்று கேட்டான், அதற்கப்புறம்தான் அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, வந்துவிட்டுப் போ என்றான். அவன் சாப்பிட்டாயா என்று கேட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கெட்ட சேதியைக் கேட்பவள் தலையில் திடுமென்று போடக்கூடாது, அவள் வயிற்றில் ஏதாவது இருக்கிறதா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருவதில்லை. எல்லாருக்கும் தெரியும். விஷயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பின்னால் வரும். இது தெரிந்த நான் முன்னாலிருந்து நாற்பது விநாடியை வெட்டி எடுத்தேன். சோதித்துப் பார்த்ததும் யாரை வைத்து? சம்பளம் வாங்கிக்கொண்டு மணிக்கு ஒருமுறை பேசுகிற எங்கள் மூன்று பேரை வைத்து. என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

சிஸ்டரிடமும் பொறுப்பாளரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுப்பாளர், "அந்தப் பெட்டியை எடுத்துடுங்க. கூடுதல் நிமிஷத்துக்குப் பணம் நான் ஏற்பாடு பண்றேன்" என்றார். வாசல்வரை வந்து, "வீட்டுல போயி இதச் சொல்லணுமாம்மா? போனவர் வரப்போறதில்ல. மத்த வீடுகளும் நம்மள நம்பாமப் போயிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் சிஸ்டரும் நானும் துட்டி கேட்கப் போனோம். கட்டிலை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், நாங்களும் அழுதோம். மாமியார் அழுகைக்கு நடுவே மருமகளைக் காட்டி, "ஒத்தப் போனப் போட்டுச் சொல்லத் துப்பில்லாம, எம்புள்ளைய ஒக்கார வச்சுப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா பாருங்க தாயி" என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று உச்சுக் கொட்டினார்கள். அவள் ஒரு மூலையில் இருந்தாள். "சொன்னேன் அயித்த. இப்ப வந்துருவாக, இப்ப வந்துருவாகன்னு, புடிச்ச கைய விட்டா சாஞ்சிருவாகன்னு ஒக்காந்திருந்தேன்" என்றாள். பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தனக்குள் சொல்வது மாதிரி, "பீப்பு அடிக்கிறதுக்கு முன்னாடியே பேசிட்டேனோ என்னமோ. நெறையப் பேருக்கு அப்பிடி ஆகுதாம்ல" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் குனிந்த தலை நிமிரவில்லை. துட்டி வீட்டில் இருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அந்த வழக்கம் அன்று எனக்கு வசதியாகப் போயிற்று.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? வேலை நடந்தது. பெட்டியை எடுத்துவிட்டேன், முழுப் பேச்சும் குரூப்பில் விழுந்தது. ஆனாலும் ஒவ்வொரு பதிவையும் காதில் வைத்துக் கடைசி வரை கேட்டேன், ஆடு, மாடு, மழை எல்லாவற்றையும். அவளுடைய பதிவை மட்டும் தொடவில்லை. அதை அழிக்கவும் மனம் வரவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், "நீ வேணும்னா செஞ்ச?" என்பார். வேண்டுமென்று செய்யவில்லைதான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒன்றரை மாதம் கழித்து அவள் அலுவலகத்துக்கு வந்தாள். நாங்கள் கொடுத்திருந்த காற்று மெத்தையைத் துடைத்துச் சுருட்டி, மிச்சமிருந்த பைகளையும் கட்டுத்துணியையும் மஞ்சள் பையில் போட்டு, மூன்று பஸ் மாறி எடுத்து வந்திருந்தாள். வேறு யாருக்காவது ஆகும் என்றாள். அன்று சிஸ்டரும் அறையில் இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தோம். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நல்லாருக்கீகளா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். "தம்பி நல்லாப் படிக்குதா?" என்றாள். படிக்கிறான் என்றேன். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னைய எங்க அம்மா வீட்டுக்குப் போகச் சொல்றாகக்கா. அயித்த எம்மொகத்துல முழிக்க மாட்டேங்கிறாக. ஊருக்குள்ள நான் போனா, சொல்லாம விட்டவ போறாங்கிறாக. அதுகூடப் பரவால்ல. அன்னைக்கு நான் பேசுனது இங்க வந்துச்சா, வரலையாக்கா? அத மட்டும் சொல்லுங்க. நானே தப்பாத்தான் அமுக்குனேனோன்னு எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல இருக்கு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். "வந்துச்சும்மா" என்றேன். "நீ சரியாத்தான் பேசுன. நாங்கதான் முழுசாக் கேக்கல." பிறகு எனக்குத் தெரிந்த அளவில் எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி, நாற்பது விநாடி, முற்றுப்புள்ளி எல்லாம். என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அப்ப அந்தக் கொரலு இருக்காக்கா?"

"இருக்கு."

"எங்க அயித்தைக்கு ஒருக்கப் போட்டுக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பொறுப்பாளரைக் கேட்கவில்லை. மூன்று பேரும் ஜீப்பில் ஏறினோம். வழி நெடுக, அந்த அம்மாளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் நிற்கவில்லை.

மாமியார் வேப்பமரத்தடியில் ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தார். மருமகளைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் தரையில் உட்கார்ந்து, "அம்மா, இதக் கொஞ்சம் கேளுங்க. அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு இவ எங்களுக்குச் சொன்னது" என்று சொல்லிவிட்டுப் போனில் சத்தத்தைக் கூட்டி அழுத்தினேன்.

நலம் விசாரித்தாள். இடம் விட்டாள். புண், தூக்கம், தூற்றல். பிறகு ஒன்றும் பதறாதீங்க. பை, முகம், தலைவலி. "கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்கக்கா" என்று முடிந்ததும் நிறுத்துவதற்கு விரலை நீட்டினேன். முன்பு நான் கேட்டது அதுவரைதான். ஆனால் பதிவில் இன்னும் சில விநாடிகள் மிச்சமிருந்தன. அவள் போனை அணைக்காமலே உள்ளே நடந்திருக்கிறாள். கட்டில் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், மூச்சு வாங்க.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வருவாகளா?"

"வருவாக. அந்தக்காவே சொன்னாகல்ல, ஒடனே கவனிப்பாகன்னு. நீங்க பேசாம இருங்க."

அத்துடன் அறுந்தது. மாமியாரின் கையில் இருந்த குழைக்கட்டு கீழே விழுந்தது. "எம்புள்ள" என்றார். "எம்புள்ள பேசுறான். இன்னொருக்கப் போடு தாயி." போட்டேன். கடைசித் துண்டை மட்டும் கேட்டார், போட்டேன். எத்தனை தடவை போட்டேன் என்று ஞாபகம் இல்லை. பிறகு கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்களைப் பார்த்து, "சொல்லியிருக்காளே. இவ சொல்லித்தான் இருக்கா" என்றார். அவள் அழவில்லை. நேராக நின்றாள்.

அதன் பிறகுதான் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார்.

"அப்ப நீங்க ஏன் தாயி வரல?"

"பாதிதாம்மா கேட்டோம். மீதிய நான் கேக்கல" என்றேன்.

"முழுசாக் கேட்டிருந்தா வந்திருப்பீகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஜீப் தூரத்தில் இருந்தது, வந்து சேர்ந்திருக்க முடியாது என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும். எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

"பக்கத்து ஊர்லதாம்மா வண்டி நின்னுச்சு. கால் மணி நேரத்துல வந்திருப்போம்" என்றேன்.

அதுவரை நேராக நின்றிருந்த மருமகள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.